ஒலிப்பதிவுக்கூடக் கருவிகள்: மதுரை வட்டாரம்

மதுரையும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியும் தமிழ் இசைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களைத் தந்தவை. அவர்களைப் பதிவு செய்த கருவிகளோ நெடுங்காலம் வேறு ஊர்களில்தான் இருந்தன. மதுரையில் 1916இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி பத்து வயதையொட்டித் தாயார் சண்முகவடிவின் வீணையோடு பாடிய முதல் இசைத்தட்டு, தட்டுக் கம்பெனிக்காரர்களின் கருவியில் பதிவானது. 1922இல் இதே நகரில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன், ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்துக்காகத் தம் முதல் திரைப்பாடலைப் பாடியது கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கருவிகளின் விலையும் எடையும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்கள் சில நகரங்களில் மட்டும் குவிந்திருந்ததுமே காரணம். கணினி வந்தபின் அந்தக் குவிப்பு உடைந்தது. இன்று மதுரையில் பதிவுக்கூடம் வைப்பவர் முன்னுள்ள கேள்வி, பழைய கருவிகளில் எது இன்னும் தேவை என்பதுதான்.

மெழுகு, பிலிம், நாடா

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், பாடகி கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்ததோடு தொடங்கியது. மைக் கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாடுவார். அந்த அதிர்வு ஊசி வழியே மெழுகுத் தட்டில் கீறும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும் என்பதால் ஆலாபனையும் நிரவலும் அந்த அளவுக்குச் சுருங்கின. 1925இல் மின்முறைப் பதிவு வந்தபின்தான் மென்மையான குரலுக்கும் வீணைக்கும் நியாயம் கிடைத்தது.

பேசும் படக் காலத்தில் ஒலி பிலிமிலேயே ஒளிக்கோடாகப் பதிவானது. பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் வரும் ஆர்சிஏ, வெஸ்ட்ரெக்ஸ் என்ற பெயர்கள் இந்த இயந்திரங்களுடையவை. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒரு வயலின் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல நாள் ஒத்திகைக்குப் பின் ஒரே ‘டேக்’கில் பதிவான அந்தப் பாடல்களின் இறுக்கம் இந்தக் கட்டாயத்திலிருந்தும் வந்தது.

ஏஇஜி நிறுவனம் 1935இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த காந்த நாடாப் பதிவுக்கருவி, பின்னர் இரண்டு அங்குல நாடாவில் 24 டிராக் வரை வளர்ந்தது. நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 2,500 அடி நாடா 33 நிமிடமே ஓடும். நாடாவின் விலையே பலரை இதிலிருந்து தள்ளி வைத்தது. மின்சாரமும் நிச்சயமில்லை. ‘அன்னக்கிளி’ (1976) பாடல் பதிவின் தொடக்கத்தில் மின்சாரம் போய்விட்டதை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னையின் பெரிய கூடத்துக்கே அந்த நிலை என்றால், சிற்றூரில் அப்படியொரு கூடம் நடத்துவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

மைக்

பழைய கருவிகளில் மதிப்புக் குறையாதது மைக்தான். நியூமனின் யு47 (1949), யு87 (1967), ஏகேஜியின் சி12 (1953) ஆகிய கண்டென்சர் மைக்குகள் குரலுக்காக இன்றும் தேடப்படுகின்றன. முதலாவதும் மூன்றாவதும் வால்வு வகை. ஆனால் மதுரை வட்டாரத்தில் மைக்குக்கு வரும் சோதனை குரலைவிட நாகஸ்வரத்திலும் தோல்கருவிகளிலும்தான் இருக்கிறது.

நாகஸ்வரத்தின் ஒலி அடிமுனையான அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணைசுக்கு நேரே மைக்கை ஒட்டி வைத்தால் கூர்மையான கீச்சு மட்டும் ஏறும். கமகத்தின் உடல் காணாமல் போகும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, துளைகளை நோக்கிச் சற்று உயர்த்தி வைப்பது நல்லது. மேல் அலைகளை இயல்பாகவே தணிக்கும் ரிப்பன் மைக் இதற்குப் பொருத்தம். 1930களின் ஆர்சிஏ 44 இவ்வகைக்குப் பேர்போனது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தைக் கேட்பவர், திரையரங்கின் மோனோ ஒலியிலும் அதன் கனம் குறையாததைக் கவனிக்கலாம்.

தவிலும் உறுமியும் வேறு வகைச் சிக்கல். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுகின்றன, தொப்பியில் கோல் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே மைக் போதாது. உறுமியில் ஒரு பக்கத்தைக் குச்சியால் இழைக்கும்போது எழும் முனகலை நல்ல கண்டென்சர்தான் பிடிக்கும்; மறுபக்க அடிக்கு ஷூர் எஸ்எம்57 (1965) போன்ற டைனமிக் மைக் தாங்கும். காற்று வேகமாக மோதினால் பழைய ரிப்பன் கிழிந்துவிடும். ஆகவே பறை, உறுமி அருகே அதை வைக்கக் கூடாது. 24 பிட் பதிவில் உச்ச அளவை முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே நிறுத்தலாம். நாடாவில் அப்படிச் செய்தால் இரைச்சல் மேலெழும். நையாண்டி மேளத்தின் திடீர் வெடிப்புகளுக்குப் புதிய முறை தந்த மிகப் பெரிய விடுதலை இது.

மிக்ஸர் முதல் கணினி வரை

மைக்கிலிருந்து வரும் சன்னமான மின்னலையை உயர்த்தும் பிரீஆம்ப்பில் 1970இன் நீவ் 1073 புகழ்பெற்றது. ஒலி அளவை அடக்கும் கம்ப்ரெஸரில் 1176ம் எல்ஏ-2ஏயும் 1960களின் பெயர்கள். எதிரொலிக்கு 1957இன் இஎம்டி 140 என்ற தகட்டுக் கருவி, ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ளது. இவற்றையெல்லாம் போலச் செய்யும் மென்பொருள்கள் இன்று மலிவு. இந்தப் பகுதியில் பழைய அசலுக்காகப் பெரும்பணம் செலவிடுவது, சிறிய கூடங்களைப் பொறுத்தவரை, வீண். அந்தப் பணம் மைக்குக்கும் அறைக்கும் போக வேண்டும்.

1983இல் இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி முறை வந்தது. ‘புன்னகை மன்னன்’ (1986) பட இசைக்கு யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக்கணினியை இளையராஜா பயன்படுத்தினார். பின்னர் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் கூடத்தை அமைத்தார். ‘ரோஜா’ (1992) அங்கே உருவானது. அவரோடு பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் (மறைவு 2008) ஒலிப்பதிவுக்காகப் பலமுறை தேசிய விருது பெற்றவர். வீட்டுக்கூடத்திலிருந்து தேசமே கேட்கும் ஒலி வர முடியும் என்று பஞ்சதன் காட்டியது, மற்ற ஊர்களுக்கும் கதவைத் திறந்தது. 1991இல் வந்த புரோ டூல்ஸும், எட்டு டிராக்கை வீடியோ கேசட் நாடாவில் பதிந்த ஏடாட் கருவியும், கியூபேஸ், நியூயெண்டோ மென்பொருள்களும் பதிவை மேசைக்குள் அடக்கின. பையில் அடங்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் கணினியும் இருந்தால் பக்திப் பாடல், நாட்டுப்புற ஆல்பம், குறும்பட டப்பிங், ஆட்டோவில் ஒலிக்கும் விளம்பர அறிவிப்பு வரை மதுரையிலேயே முடிந்துவிடுகிறது.

அறை, வெயில், மின்சாரம்

எந்தக் கடையிலும் வாங்க முடியாத கருவி அறை. சித்திரைத் திருவிழாவிலும் ஆடி மாதத்திலும் தெருவெங்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டும் ஊரில் சுவரில் பஞ்சு ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்காது. பஞ்சு உள்ளே எழும் எதிரொலியை மட்டுமே குறைக்கும். அறைக்குள் அறை, ரப்பர் மேல் மிதக்கும் தரை, இரட்டைக் கதவு ஆகியவைதான் தடுக்கும். அப்படி அடைத்த அறை கோடையில் கொதிக்கும். ஏசி ஓடினால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறும். எனவே உள்ளே குளிர்காற்றை அகன்ற குழாயில் மெதுவாக விட வேண்டும், அல்லது டேக்குக்கு டேக் ஏசியை நிறுத்த வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எல்லா டிராக்கிலும் படியும். ஈரக்காற்று கண்டென்சர் மைக்கின் உட்தகட்டைக் கெடுக்கும் என்பதால் மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைப்பது அவசியம்.

பழைய நாடாக்கள்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் (பத்மஸ்ரீ, 2018) தம் கணவரோடு ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். அவரைப் போன்றோரின் களப்பதிவுகளும், 1980களின் கேசட் பெருக்கத்தில் வெளிவந்த கரகாட்ட, ஒப்பாரி, தெம்மாங்குப் பாடல்களும் நாடாவில்தான் பிறந்தன. இவற்றைக் காக்க இனி மிக அவசரமாகத் தேவைப்படுவது நன்றாக ஓடும் ஒரு பழைய கேசட் டெக். நாடா பதிவான கோணத்துக்கு ஹெட்டின் சாய்வைத் திருகி ஒத்துவைத்தால்தான் மேல்சுரங்கள் தெளியும். இதைக் கணினியில் பின்னால் சரிசெய்ய முடியாது. பிசுபிசுத்துப்போன சில ரீல் நாடாக்களை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்கில் சூடேற்றினால் தற்காலிகமாக ஓடும். அந்த இடைவெளிக்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். சர்வதேச ஒலி மற்றும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் இதற்கு 24 பிட்டும், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸும், முடிந்தால் 96ம் பரிந்துரைக்கிறது. மதுரையின் சிறிய கூடங்களில் இருக்கும் இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் இந்த அளவைத் தருபவை. டெக் கிடைப்பதும், அதன் பெல்ட்டை மாற்றத் தெரிந்த கையும்தான் அரிது.