மனையில் விட்ட உயிர்

வெளியூர் செல்லும் குடும்பம் புறப்படுமுன் பலவற்றுக்குக் காவல் தேடுகிறது. நகைகள் பெட்டிக்குள் செல்கின்றன. வாயிற்கதவுக்கு இரண்டு பூட்டுகள் விழுகின்றன. முற்றத்துத் துளசிக்கு நீர் ஊற்ற ஒருவரிடம் சொல்லப்படுகிறது. அடுப்படி ஓரத்தில் படுத்திருக்கும் பூனையைப் பற்றிய எண்ணமோ பெரும்பாலும் இறுதியிலேயே எழுகிறது. "பூனைதானே, எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்ற விடையும் உடனே கிடைத்துவிடுகிறது. அவ்விடை ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. இன்று அது உண்மையன்று. இம்மாற்றம் நேர்ந்த வகையைத் தெலுக் இந்தான் வட்டாரத் தமிழரின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

தமிழர்க்குப் பூனை புதிய உயிரன்று. வெருகின் குட்டிக்குரிய இளமைப்பெயர்களையும், வெருகைப் பூசை என வழங்கும் வழக்கையும் தொல்காப்பிய மரபியல் பதிவு செய்துள்ளது. மாமல்லபுரத்துப் பெருந்தவப் பாறையில் எலிகள் சூழ நின்று தவம் செய்யும் பூனையை 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்தான். வைணவத்தின் தென்கலையார் அடைக்கலத் தத்துவத்தை விளக்க, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை உவமையாக்கி, அதனை மார்ச்சால நியாயம் என்றனர். தன்னைத் தானே காத்துக்கொள்ள முயலாது, தாயிடமே முற்றும் தன்னை ஒப்படைத்துவிட்ட உயிர் அக்குட்டி. பொய்த்தவத்துக்கும் முழு அடைக்கலத்துக்கும் ஒரே விலங்கு சான்றாக நின்றமை எண்ணத்தக்கது.

மனிதனுடன் பூனை வாழத் தொடங்கியது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, மேற்காசியாவின் தானியக் களஞ்சியங்களை ஒட்டி என்பர் ஆய்வாளர். சைப்பிரசுத் தீவில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட, ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழைமையுடைய பூனை ஒன்றின் எலும்புகள் கிடைத்த செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. களஞ்சியத்தின் எலியை நாடி வந்த விலங்கு, களஞ்சியம் இருந்த இடத்தையே தன் எல்லையாகக் கொண்டது. நாய் ஆளைப் பின்பற்றிச் செல்லும்; பூனை இடத்தைப் பற்றி நிற்கும். ஆகவேதான், குறுகிய பயணங்களின்போது பூனையைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்வதைவிடப் பழகிய வீட்டிலேயே விட்டுச் செல்வது பெரும்பாலும் நல்லது. ஆனால் விட்டுச் செல்வது வேறு; கைவிட்டுச் செல்வது வேறு.

இவ்வேறுபாட்டை உலகம் நெடுங்காலமாக அறிந்தே வந்துள்ளது. பூனை ஒன்றை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகச் செய்த பெண்ணொருத்தி தண்டனைக்கு ஆளானதை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. மலேசிய நாட்டில் மலாய் அண்டை வீட்டார் பூனையிடம் காட்டும் பரிவுக்கு இத்தகைய போதனைகளும் ஒரு காரணமாகும். மறதியின் விலை என்ன என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அச்சத்தின் விலையை இலண்டன் மாநகர் உணர்த்தியது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டது. வளர்ப்பு உயிர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்புமாறும், இயலாவிடில் துன்பமின்றிக் கொன்றுவிடுமாறும் முன்னரே அறிவுரை பரவியிருந்தது. முதல் வாரத்திலேயே அந்நகரில் ஏறத்தாழ 4 இலட்சம் பூனைகளும் நாய்களும் கொல்லப்பட்டன. நகரின் மீது பெருங்குண்டுவீச்சுத் தொடங்கியதோ ஓராண்டு கழித்து, 1940 செப்டம்பரில்தான். அவ்வுயிர்களைக் குண்டு கொல்லவில்லை. ஏற்றுக்கொள்ள ஆளில்லையே என்ற அச்சமே கொன்றது.

இனித் தெலுக் இந்தானை நோக்குவோம். பேராக் ஆற்றங்கரையில் எழுந்த இந்நகர் 1982-ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என வழங்கியது. 1885-இல் எழுந்த சாய்ந்த கோபுரம் நகருக்கு நீர்த்தொட்டியாகப் பயன்பட்டது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இரயில்பாதை வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுப்புறமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1906-இல் தோன்றிய ஜெண்டராட்டா தோட்டம் அவற்றுள் ஒன்று. பால்மரங்களை நம்பி வந்த தமிழர்கள் லயத்து வீடுகளில் குடியேறினர்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த வீடுகள். ஒரு வீட்டு அடுப்பின் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகை பத்து வீடுகளுக்குக் கேட்கும். விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் செல்ல, கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குச் சென்றன. அரிசி மூட்டைக்குக் காவலாகப் பூனை வீட்டில் தங்கியது. ஊர் காணச் செல்வோர் பினாங்கில் ராஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்குவர். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய அக்கப்பலில் சென்றவர் திரும்பச் சில திங்களாகும். அத்தனை நாளும் பூனைக்கு யார் சோறிடுவது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. "அக்கா, பூனையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பூனை ஒரு வீட்டுக்குரியது எனினும், அதற்கு உணவிட்டது அந்த லயம்.

அவ்வாழ்வை முற்றிலும் குறையற்றதாகக் கருதுதல் பொருந்தாது. தடுப்பூசி அறியாத காலம் அது. பாம்பு தீண்டியோ, நோயுற்றோ ஒரு பூனை மறைந்தால் அதைத் தேடுவார் அரியர். ஆயினும், யாரேனும் ஒருவர் கண்ணில் அது நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பார்வையே அதன் காவல்.

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து வாழ்வு ஆட்டங்கண்டது. அதனைத் தடுக்கும் நோக்குடன் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. இளைய தலைமுறை நகர்ப்புற வரிசை வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தது. இரும்புக் கிராதியும் மதிற்சுவரும் வந்தன. குடும்பம் கள்வரிடமிருந்து காக்கப்பட்டது. பூனையோ அண்டை வீட்டாரின் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது.

இக்காலத்தில் வீட்டில் விடப்படும் பூனைக்கு வேண்டுவன எவை? ஒரு பெரிய தட்டு நிறைய உணவு வைத்துச் செல்வது போதாது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து உயிருக்கே கேடு நேரலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் இறப்பு நேரும். தட்டு இவற்றைக் காணாது. ஆள்தான் காண வேண்டும். ஆகவே, பூனை அறிந்த ஒருவர் நாள்தோறும் வந்து அதை நேரில் காணுதல் வேண்டும். உண்டதா, சிறுநீர் கழித்ததா என நோக்கி, நீரையும் மணல்தட்டையும் மாற்றுதல் வேண்டும். நீர்க் கிண்ணங்கள் இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் நலம். தாழ்நிலமாகிய தெலுக் இந்தானின் வெப்பத்தில் காற்றோட்டமற்ற அறையில் அடைப்பது கொடுமை. லில்லி மலர்களும் பாரசிட்டமால் மாத்திரைகளும் பூனைக்கு நஞ்சு; அவை எட்டாதவாறு அகற்றப்பட வேண்டும். சாவியுடன் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் வருபவரிடம் தருதல் கடமை.

குறித்த நாளில் திரும்புவோம் என்ற நம்பிக்கையும் நிலையானதன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சில நாள் பயணங்கள் பல வாரங்களாக நீண்டதை நாடறியும். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஏற்ற உணவும் சூழலும் அளித்து, துன்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காக்கும் பொறுப்பை உரிமையாளரிடமே வைக்கிறது. கொடுமைக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட் தண்டமும் விதிக்கிறது. சட்டம் தண்டிக்கும், ஆனால் சட்டம் வந்து கிண்ணத்தில் நீர் ஊற்றாது.

லயத்தில் ஆளிருந்தார், அறிவியல் இல்லை. இன்று அறிவியல் இருக்கிறது, கதவைத் திறக்கும் ஆளில்லை. இவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்பதே செய்ய வேண்டிய பணி. தன் வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்க அண்டை வீட்டில் ஒருவரைப் பெற்றிருப்பவர், பூனையின் உயிரை மட்டுமன்று, தோட்டப்புறத்தில் விட்டு வந்த உறவொன்றையும் காக்கின்றார்.