நத்தைக்கு ஒரு பொறி

மாட்டுக்குத் தாடைக்கு அடியில பை மாதிரி வீங்கும். கழியும், பால் குறையும், நாளாக நாளாக எலும்பு தெரியும். குளத்தோரம், வயலோரம் மேயுற ஆடு மாடு வச்சிருக்கவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். காரணம், ஈரலுக்குள்ள குடியிருக்கிற தட்டைப்புழு.

இந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 1879-80இல் இங்கிலாந்தில் விடாத மழை. சுமார் 30 லட்சம் செம்மறியாடுகள் இந்த நோயில் செத்தன. அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் அல்ஜெர்னான் தாமஸ், ஜெர்மனியில் ருடால்ஃப் லொய்கார்ட் இருவரும் தனித்தனியாக ஆராய்ந்து, 1880களின் தொடக்கத்தில் விடையைக் கண்டார்கள். சாணத்தோடு முட்டை தண்ணீருக்குப் போகிறது. அதில் பொரிந்த குஞ்சு ஒரு சின்ன நத்தைக்குள் நுழைந்து, அங்கே பலமடங்கு பெருகி, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மாடு தின்கிறது. நடுவுல நத்தை இல்லேன்னா சங்கிலி அறுந்துடும்.

அப்புறம் என்ன, நத்தையைக் கொல்லக் கிளம்பினார்கள். தண்ணீரில் மயில்துத்தம் கலந்தார்கள். பின்னாளில் நிக்ளோசமைடு வந்தது. நத்தை செத்தது, கூடவே மீனும் செத்தது. விலையும் ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நத்தை வழியாக மனிதருக்கு வரும் இன்னொரு புழுநோய் ஷிஸ்டோசோமியாசிஸ். எத்தியோப்பியாவில் அதை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அக்லிலு லெம்மா. 1964இல் அட்வா ஊர் ஓடையில் பெண்கள் 'எண்டோட்' என்ற காயால் துணி துவைப்பதைப் பார்த்தார். நம்ம பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும் காய் அது. துவைக்கும் இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடந்தன. வெளியிலிருந்து வாங்க வேண்டாம், ஊரிலேயே விளையும் மருந்து. ஆனால் இதுவும் தண்ணீர் முழுக்கக் கலப்பதுதான், மீனுக்கும் ஆகாது.

இந்த இடத்தில்தான் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பல்கலைக்கழக விலங்கியல்காரர்கள் செய்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் மாடு, எருமைகளுக்கு ஈரல் புழுவைப் பரப்புவது லிம்னேயா என்ற குளத்து நத்தை. அது இரையைத் தேடுவது வாசனையை வைத்து. அதனால் மாவுச்சத்து, அமினோ அமிலம் போன்றவற்றை அகர் கூழில் கலந்து இரை வில்லைகள் செய்தார்கள். பெருங்காயம், கிராம்பு மாதிரியான செடிப்பொருள்களில் இருந்து எடுத்த நத்தைக்கொல்லி அதற்குள்ளேயே இருக்கும். நத்தை தானே தேடி வந்து தின்னும். குளம் முழுக்க மருந்து கொட்ட வேண்டிய வேலை இல்லை.

விவசாயிக்கு இது புதுசு இல்லீங்க. தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டுக்குப் பானையில் ஆமணக்குப் புண்ணாக்கு ஊறப்போடுறோம். சோளத்தில் குருத்து ஈக்குக் கருவாட்டுப் பொறி வைக்கிறோம். அதே கணக்கு, இங்கே தண்ணிக்குள்ள.

இந்த வில்லை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத் தொட்டி அளவில்தான் இருக்கிறது. நிஜக் குளத்தில் அழுகின இலையும் பாசியும் நத்தைக்கு ஏற்கெனவே இரையாகக் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வில்லையைத் தேடி வருமா என்று பார்க்க வேண்டும். மீன் தின்றாலும் ஒன்றும் ஆகக்கூடாது. மாடு குடிக்கிற தண்ணியிலதான் மீனும் வளருது, ஊர்ப் பிள்ளைகளும் குளிக்குது. அது வரைக்கும் கால்நடை மருத்துவர் சொல்ற நேரத்துல புழுமருந்து கொடுக்கணும்; தண்ணி வத்தின குளத்தோரப் புல்லில் மாட்டை விடாம இருக்கணும்.