முதலை உடம்பு, மூன்று தந்தி... மியான்மரின் 'மிஜாங்' பற்றி தெரியுமா?

2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. அந்தப் பெயரைக் கொடுத்த நாடு மியான்மர். பர்மிய மொழியில் முதலையைக் குறிக்கும் சொல்லும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்புதான்: மிஜாங். இதே பெயரில் அங்கே ஒரு இசைக்கருவியும் இருக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால், குட்டி முதலை ஒன்று தரையில் படுத்திருக்கிற மாதிரியே தெரியும்!

எப்படி வாசிப்பாங்க?

நீளமான மரத்தைக் குடைந்து செய்த கருவி இது. ஒரு முனையில் தலை, மறுமுனையில் வால். வயிறு வெற்றிடம், ஒலி பெருகுவது அங்கேதான். முதலையின் முதுகில் மூன்று தந்திகள் ஓடும். அவற்றுக்கு அடியில், நம்ம வீணையில் இருப்பதுபோல வரிசையாக மெட்டுகள். வாசிப்பவர் கருவியைத் தரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் தந்தியை அழுத்தி, வலது கையால் மீட்டுவார்.

உண்மையில் இது யாருடையது?

பர்மியக் கருவி என்று பொதுவாகச் சொன்னாலும், இதைப் போற்றி வருபவர்கள் மோன் இன மக்கள். அவர்கள் மொழியில் இதன் பெயர் 'க்யாம்'. அதற்கும் முதலை என்றுதான் அர்த்தம். ஒரு காலத்தில் பெகுவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் மோன்கள். 1757இல் பர்மிய மன்னரிடம் பெகு வீழ்ந்தது. இன்று அவர்கள் மியான்மரின் சிறுபான்மையினர். மோலமைனைத் தலைநகராகக் கொண்ட மோன் மாநிலம் அவர்கள் பெயரில் இருக்கிறது.

சீனக் குறிப்பு சொல்வது என்ன?

முதலை வடிவ தந்திக் கருவி இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை. கி.பி. 802இல் இன்றைய மியான்மரில் இருந்த பியூ அரசு, சீனாவின் தாங் பேரரசருக்கு இசைக் குழுவோடு தூது அனுப்பியது. அந்தக் குழு கொண்டுவந்த கருவிகளை 'புதிய தாங் வரலாறு' விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. அதில் ஒன்று முதலை வடிவம்: நான்கு கால், வெற்று வயிறு, சுருண்டு மேலெழும் வால். ஆனால் அதில் ஒன்பது தந்திகள். எனவே இன்றைய மிஜாங்கும் அதுவும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது.

தாய்லாந்தில் தலை போயிடுச்சு

பக்கத்து நாடான தாய்லாந்தில் 'சகே' என்ற கருவி இருக்கு. முதலையைக் குறிக்கும் 'சோரகே' என்ற தாய் சொல்லில் இருந்து வந்த பெயர். பலா மரத்தில் செய்வாங்க. மூன்று தந்தி, 11 மெட்டு. மீட்டினால் தம்பூரா போல ஒரு ரீங்காரம் கிளம்பும். கம்போடியாவின் 'க்ரபே'வும் இதே குடும்பம்தான், பெயருக்கு அர்த்தமும் முதலைதான். ஆனால் சகேயில் தலையும் இல்லை, வாலும் இல்லை. பெயரில் மட்டும்தான் முதலை மிச்சம்.

முதலையை முழு உருவமாக வைத்திருப்பது மோன்களின் கருவிதான். அந்தத் தலை வெறும் அலங்காரம் இல்லை. பார்த்த உடனே 'இது எங்களுடையது' என்று ஒரு மோன் சொல்லக்கூடிய அடையாளம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் ஒரு பழைய முதலைக் கருவி இருக்கிறது.