ஜான்சி ராணிப் படையினரின் நினைவுகளும் வாய்மொழி வரலாறும்

போரில் மடிந்தோர்க்குக் கல்லெடுத்தல் தமிழரின் தொன்மையான வழக்காகும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் எனத் தொடங்கி அவ்வழக்கின் படிநிலைகளைத் தொல்காப்பியம் துறைகளாக வகுத்துரைக்கின்றது. ஆயின் நடுகல்லிற் பொறிக்கப்படுவன, இறந்த வீரனைப்பற்றிப் பிறர் கூறும் சொற்களே. போரிலிருந்து மீண்டு, தொழில் செய்து, முதுமையெய்திய ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே எடுத்துரைப்பதற்குக் கல் இடமளிப்பதில்லை.

மீண்டோரின் சொல்லை முறையாகப் பேணும் முயற்சி, ஒலிப்பதிவுக் கருவியின் வருகையோடு விரிவடைந்தது. இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அரும்பொருட்சாலை 1972 இல் ஒலிப்பதிவுகளுக்கெனத் தனிப்பகுதியொன்றை நிறுவியது. சிங்கப்பூரில் 1979 இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டு, 1981 முதல் யப்பானிய ஆட்சிக்கால நினைவுகள் திரட்டப்பட்டன. அமெரிக்காவிலோ முதுபடைவீரரின் வரலாறுகளைத் திரட்டும் பணி, 2000 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்மூலம் காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முயற்சிகள் யாவும் போற்றத்தக்கன. எனினும், எவருடைய சொல் பதியப்பட்டது, எம்மொழியிற் பதியப்பட்டது என்னும் வினாக்களை நாம் எழுப்பியே ஆகவேண்டும். தமிழரோடு நெருங்கிய தொடர்புடைய ஜான்சி ராணிப் படையின் வரலாறு இவ்வினாக்களின் முதன்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

1943 யூலையிற் சிங்கப்பூரை அடைந்த சுபாஸ் சந்திரபோஸ், இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றதோடு பெண்களுக்கெனத் தனிப்படையொன்றையும் அமைக்க முற்பட்டார். வைத்தியரான லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்க, அவ்வாண்டு ஒக்டோபரிற் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது. படையிற் சேர்ந்தோருட் பெரும்பாலோர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தோர் அவர்களுட் கணிசமாக இருந்தனர். இருபது வயதை எட்டாதோரும் பலர். துப்பாக்கிப் பயிற்சியும் தாதிமைப் பயிற்சியும் அளிக்கப்பட்ட பின்னர், 1944 இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டனர். இம்பால் முற்றுகை தோல்வியுற்றதால், முன்னேறிச் செல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. காயமுற்ற வீரர்களைப் பராமரித்தலே பலரது பணியாயிற்று. 1945 ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கல் தொடங்கியது.

அப்பின்வாங்கலுக்குப் பின் நிகழ்ந்தவையே எமது பொருளுக்கு இன்றியமையாதவை. இராணுவத்தின் ஆவணங்களிற் பல அழிந்தொழிந்தன. 1945 யூலையிற் சிங்கப்பூரில் அடிக்கல் நாட்டப்பெற்ற இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னம், மீண்டுவந்த பிரித்தானியப் படைகளால் அவ்வாண்டிலேயே தகர்க்கப்பட்டது. ஏடும் கல்லும் இவ்வாறு மறைந்துபோக, எஞ்சியது மனிதரின் நினைவு ஒன்றே.

அந்நினைவு கேட்கப்படுவதற்கு முன்னரே அதன் இடத்தைக் கற்பனை கைப்பற்றிக்கொண்டது. ஜான்சி ராணிப் படையைச் சேர்ந்த பெண்ணொருத்தியின் நாட்குறிப்பு என்ற பெயரில் 1945 இற் பம்பாயிலிருந்து ஆங்கில நூலொன்று வெளிவந்தது. அது படையினள் ஒருத்தியின் கையெழுத்தன்று என்பதும், பத்திரிகையாளரொருவரின் ஆக்கம் என்பதும் ஆய்வாளர் கருத்தாகும். இப்படையின் பெண்கள் போர்முனையிற் பகைவரை எதிர்த்து நின்று சமர் புரிந்தனர் என்னும் கதைகள் இத்தகைய எழுத்துக்களால் வலுப்பெற்றன. எஞ்சியிருந்த படையினரைப் பல நாடுகளிலும் தேடிச்சென்று செவ்விகண்ட வேரா ஹில்டிபிராண்ட், 2016 இல் வெளியிட்ட தம் நூலில், அப்படை நேரடிச் சமரில் ஈடுபடவில்லை என்ற முடிவுக்கு வந்தார். இம்முடிவு அப்பெண்களின் பெருமையைக் குறைப்பதாகாது. முன்னோர் பிறந்த மண்ணைக் கண்டிராத தோட்டப் பெண்ணொருத்தி, அம்மண்ணின் விடுதலைக்கெனப் படையிற் சேர்ந்தாள் என்பதே போதிய வியப்புக்குரியது. அவளுக்கு இல்லாத வீரச்செயலைச் சூட்டுவதும், அவள் உண்மையாகச் செய்ததை மறப்பதும் ஒரே தன்மையான அநீதிகளேயாம்.

இனி, பதியப்பட்ட நினைவுகள் எவருடையவை என நோக்குவோம். லட்சுமி சகாலின் தன்வரலாறு 1997 இல் நூலாயிற்று. ஈப்போவில் யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த குடும்பத்திற் பிறந்து, பதினாறு வயதளவில் இப்படையிற் சேர்ந்து, பின்னாளில் ஆசிரியைகளின் சம ஊதியத்துக்காகப் போராடிய இராசம்மா பூபாலனின் வாழ்க்கையும் நூல் வடிவம் பெற்றுள்ளது. இவர்கள் ஆங்கிலக் கல்வி பெற்றோர். ஆய்வாளரோடு இடைத்தரகரின்றி உரையாட வல்லோர். படையின் பெரும்பகுதியாயமைந்த தோட்டப் பெண்களோ தமிழில் வாழ்ந்தனர். இந்துஸ்தானியிற் கட்டளை பெற்றனர். அவர்களது வரலாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இம்மூன்று மொழிகளுக்கிடையே அவர்களது குரலின் பெரும்பகுதி தவறிப்போயிற்று. சாதாரணப் படையினள் தலைவியரின் நூல்களில் எண்ணிக்கையாகவே இடம்பெறுகிறாள்.

வாய்மொழிச் சான்றைத் திரட்டுவோர் இதிலிருந்து கற்கவேண்டியவை சில உள. முதலாவது, சொல்பவரின் மொழியிலேயே கேட்டல் வேண்டும். மொழிபெயர்ப்பு பின்னர் நிகழலாம். இரண்டாவது, வீரச் செயலை மாத்திரம் வினவுதல் தகாது. பாசறையில் உண்டது யாது? கட்டளை விளங்காதபோது செய்தது யாது? வீடு திரும்பியபோது அயலவர் எவ்வாறு ஏற்றனர்? இத்தகைய வினாக்களுக்கே ஆவணங்களிற் கிட்டாத விடைகள் கிடைக்கும். மூன்றாவது, நினைவு பிறழக்கூடியது. பிற்காலத்திற் படித்ததும் கேட்டதும் கண்டதோடு கலந்துவிடும். ஆதலால் ஒருவரின் கூற்றை இன்னொருவரின் கூற்றோடும் எஞ்சிய ஏடுகளோடும் ஒப்புநோக்கல் அவசியமாகும். அதேவேளை, பிறழ்ந்த கூற்றை அழித்துவிடலுமாகாது. எதை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதும் வரலாற்றுச் செய்தியே.

1943 இற் பதினாறு வயதினளாயிருந்தவள் இன்று உயிரோடிருப்பின் நூறு வயதை அண்மியிருப்பாள். நேர்ச்சான்றின் காலம் முடிவுறுகின்றது. எனினும் பணி முடிந்துவிடவில்லை. மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்பிய பலர், யப்பானியர் ஆட்சிக்காலத்தை நேரிற் கண்டவர்கள். அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களது வீடுகளிற் கடிதங்களும் புகைப்படங்களும் இருத்தல் கூடும். வழிவழியாகக் கேட்ட செய்தியைக் கேள்விச் செய்தியென்றே குறித்து, சொன்னவர், கேட்டவர், இடம், நாள் ஆகியவற்றோடு பதிந்துவைத்தல், தமிழ் பயிலும் மாணவருக்கும் வரலாறு பயிலும் மாணவருக்கும் கைக்கெட்டிய பணியாகும்.

2009 இல் ஆயுதப் போர் முடிவுற்ற இந்நாட்டில் வாழும் எமக்கு இப்பாடம் தொலைவிலுள்ளதன்று. கண்டவரைக் கேளாதுவிட்டால் காணாதவர் எழுதிய நாட்குறிப்பே வரலாறாகும். ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்களுக்கு நேர்ந்தது அதுவே. அவர்களைக் கேட்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவகாசம் இருந்தது; கேட்க வல்ல தமிழறிந்தோரும் இருந்தனர்; சென்று கேட்டோரோ மிகச் சிலர்.