எங்கள் ஊருக்குக் காற்றாலை வந்த கதை

மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதிக் கொடு என்று தலைவி அக்கா சொன்னாங்க. பத்தாவது படிச்ச நான் என்னத்த எழுத என்று வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் காற்றாலை சுற்றிக்கொண்டு நின்றது. சரி, அதையே எழுதுகிறேன்.

நான் பிறந்தது முப்பந்தல் பக்கம். இசக்கியம்மன் கோயிலுக்கு வந்தவங்களுக்கு அந்தக் காற்று தெரியும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும். வைகாசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரை ஓயாது. வாழை சாயும், முருங்கை முறியும், சோற்றில் மண் விழும். "ஒண்ணுக்கும் ஒதவாத காத்து" என்று ஆச்சி திட்டாத நாள் கிடையாது.

உதவும் என்று முதலில் செய்து காட்டியது அரசுதான். 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளை வைத்தார்கள். 1993-க்குள் கயத்தாறு, முப்பந்தல் என்று பல இடங்களில் மின்வாரியம் 120 காற்றாலைகளை நிறுத்தியது. எல்லாம் சேர்ந்து 19 மெகாவாட்தான். இப்போது வருகிற பெரிய காற்றாலை பத்து நின்றாலே அதற்கு மேல் வரும். இன்று தமிழ்நாடு 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

நடுவில் வந்தவை தனியார் கம்பெனிகள். காற்றாலையில் போட்ட பணத்தை முதல் வருஷமே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போது சலுகை இருந்தது. அதனால் போட்டி போட்டு வந்தார்கள். சோளம்கூட ஒழுங்காக விளையாத மானாவாரி நிலத்தைத் தேடி புரோக்கர் வீட்டு வாசலுக்கே வந்தார்.

எங்கள் ஆச்சி பேரில் இரண்டு ஏக்கர் இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை, அத்தை கல்யாணக் கடன் வேறு. தாத்தா விலை பேசினார், ஆச்சி கைநாட்டு வைத்தாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கு என்று அவளுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, பின்னால் இருந்த மிச்ச வயலுக்குப் போகிற பாதையும் அதிலே சேர்ந்து போயிருந்தது. கடைசி வரை ஆச்சி சுற்றிச் சுற்றித்தான் அந்த வயலுக்கு நடந்தாள்.

நல்லதும் நடந்தது. ரோடு வந்தது. சித்தப்பாவுக்குக் காவலாளி வேலை கிடைத்தது, அந்தச் சம்பளத்தில் அவர் பிள்ளைகள் படித்தார்கள். அதையும் மறக்கக் கூடாது.

இப்போது பழைய சின்னக் காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியது வைக்கிறார்கள். திரும்பவும் நிலம் கேட்டு ஆள் வருது. போன வருஷம் எங்கள் குழு அக்கா ஒருத்தர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்கள். ஒப்பந்த நகலை அவர் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். நான்தான் சத்தமாக வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் பாதை இருந்தது. எனக்கு ஆச்சி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வரியை எடுத்துத் திருத்தி எழுதி வந்த பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

சேமிப்பு, கடன் கணக்கு மட்டும் நம் குழு வேலை இல்லை, தோழிகளே. நம் பேரில் எந்தக் காகிதம் வந்தாலும் பத்துப் பேர் நடுவில் ஒரு தரம் வாசிப்போம். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவோம்.