இன்பம் உணராமையும் அதன் அளவுகோல்களும்

துயரப்படுவது வேறு, இன்பத்தை உணரும் ஆற்றலே வற்றிப்போவது வேறு. ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் கவலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்குக் காரணம் தெரியும், மற்றொன்றுக்குத் தெரியாது. பின்னது மனிதனை எவ்வின்பத்தையும் சுவைக்கவொட்டாமல் தடுத்துவிடும். அது உடலிலிருந்து எழுவதென்று கருதி, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மருத்துவத்தை அதற்கு வகுத்தார்.

அந்நிலைக்கு 'அன்ஹெடோனியா' என்று 1896-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு உளவியலார் தியோதூல் ரீபோ. கல்லீரல் நோயுற்ற ஒரு சிறுமிக்குப் பெற்றோர் மீதிருந்த பாசம் அற்றுப்போனது. பொம்மையோடு விளையாடுவதிலும் இன்பம் காண இயலாது போயிற்று. ரீபோ காட்டிய இச்சான்றை, அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியான தமது சமய அனுபவ நூலில் 'நோயுற்ற ஆன்மா' பற்றிய பகுதியில் எடுத்தாண்டார். அதே நூலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் வருகிறார்கள்; ஆனால் நோயாளர் வரிசையிலன்று, ஞானியர் பகுதியில். ஹிஜ்ரி 488 (1095) ரஜபில் பக்தாதில் இமாமவர்களின் நாவு கட்டுண்டு, ஒரு கவளமும் உள்ளே இறங்காமல், மருத்துவர்கள் கைவிட்ட செய்தி நாம் அறிந்ததே. அந்நோயையும் அதன்பின் அவர்கள் பூண்ட துறவையும் ஒன்றென எண்ணுவார் இன்றும் உளர். அது தவறு என்பதை, இக்கால அளவுகோல்களைக் கொண்டே காட்டலாம்.

1976-இல் சாப்மன் தம்பதியரும் ராலினும் 'சரி', 'தவறு' என விடையிறுக்கும் நீண்ட வினாப்பட்டியல்களை அமைத்தனர். 1995-இல் ஸ்னெய்த் என்னும் ஆங்கிலேய மருத்துவரும் அவர்தம் குழுவினரும் பதினான்கே கூற்றுகளில் அதைச் சுருக்கினர். விருப்பமான உணவு, ஒரு கோப்பைத் தேநீர், பிறர் புன்முறுவல் இவையே பொருள். சென்ற சில நாட்களின் நிலையே கேட்கப்படும். மறுத்த கூற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டைத் தாண்டினால் குறைபாடு. நான் வியப்பது அதன் சொல்லமைப்பை. 'சுவைக்கிறேன்' என்றில்லை, கிடைத்தால் 'சுவைப்பேன்' என்றே இருக்கிறது. ஆகவே நோன்பாளியும் அதில் தேறிவிடுவார்.

பிந்திய சோதனை வேறு வகையானது. மனச்சோர்வுற்றோரிடம் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களும் அதன் இனிமையை நலமுள்ளோர் போன்றே மதித்தனர். அப்படியாயின் குன்றியது சுவையோ, நாட்டமோ? நாட்டத்தை அளக்க 2009-இல் டிரெட்வேயும் அவர் தோழர்களும் ஒரு முறை கண்டனர். எளிய வேலைக்கு ஒரு டாலர். பழக்கமற்ற கையின் சிறுவிரலால் 21 விநாடிகளில் நூறு முறை பொத்தானை அழுத்தும் கடிய வேலைக்கு 4.30 டாலர் வரை. இன்பம் உணராமை மிகுந்தோர் கடியதைக் குறைவாகவே தேர்ந்தனர்.

இங்கேதான் ஸாஹிதின் நிலை சிக்கலாகிறது. இப்னுல் முபாரக் (ரஹ்) தம்மை ஸாஹித் என்றழைத்தவரிடம், அப்பெயர் உலகம் தாமாக வந்தடைந்தும் அதை விட்டொதுங்கிய உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கே உரியதென்று மறுத்ததை, இமாமவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். அத்தகையோர் ஸ்னெய்த்தின் பட்டியலில் நலமுள்ளோராகவே தேறுவர். 4.30 டாலருக்காகச் சிறுவிரலை வருத்தச் சொன்னாலோ, மறுத்தெழுந்து போவர். சோதனையாளர் நாட்டம் குன்றியவர் என எழுதிக்கொள்வார். ரஜப் மாதத்து இமாமோ, முதற்பட்டியலில் உணவைக் கேட்ட இடத்திலேயே புள்ளி பெற்றிருப்பார்.