தூங்கும் ப்ராசசர்கள்

ஒரு நிறுவனம் 16 ப்ராசசர்கள் கொண்ட பெரிய சர்வர் ஒன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வந்து இறங்குகிறது. உள்ளே 16-ம் இருக்கின்றன. ஆனால் வேலை செய்வது 8 மட்டும். மற்ற 8 பழுதானவை அல்ல. அவற்றுக்கு இன்னும் காசு கட்டவில்லை, அவ்வளவுதான். தேவைப்படும்போது பணம் கட்டினால் தயாரிப்பாளரிடமிருந்து ஒரு குறியீடு வரும். ஐபிஎம்மின் பவர் வரிசை சர்வர்களில் அது 34 எழுத்து நீளம். அந்த ஓர் இயந்திரத்தில் மட்டுமே செல்லும். அதை உள்ளிட்டால், யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே, இயந்திரத்தை நிறுத்தாமலேயே, தூங்கிக்கொண்டிருந்தவை எழுந்துகொள்ளும். இதற்குக் கெப்பாசிட்டி ஆன் டிமாண்ட் என்று பெயர்.

முதல்முறை கேட்பவருக்குக் கோபம்தான் வரும். என் அறையில், நான் விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருப்பதை எனக்கே பூட்டி வைப்பதா?

கேள்வி நியாயமானது, ஆனால் புதிதல்ல. ஒரு காலத்தில் ஐபிஎம் தன் கணக்கிடும் இயந்திரங்களை விற்கவே இல்லை, வாடகைக்கு மட்டுமே விட்டது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு 1956 ஜனவரியில் உடன்படிக்கையில் முடிந்தது. இனி வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டும் என்றானது. வாடகை மறைந்துவிடவில்லை. 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினியிலும் ஆட்டோவில் இருப்பதைப்போல மீட்டர் இருந்தது. மாதத்துக்கு 176 மணி நேரம், அதாவது 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். பழுது பார்க்க வரும் ஐபிஎம் பொறியாளர் ஒரு சாவியைத் திருப்புவார். உடனே வாடிக்கையாளரின் மீட்டர் நின்று, பராமரிப்புக்கான இன்னொரு மீட்டர் ஓடும்.

அந்த மீட்டர் குறியீடாக மாறியதற்கு இன்னொரு தொழில்நுட்பம் காரணம். ஒரே இயந்திரத்தைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிப்பதை முதலில் ஆம்டால் நிறுவனமும், பின்பு 1980-களின் இறுதியில் பிஆர்/எஸ்எம் என்ற பெயரில் ஐபிஎம்மும் மெயின்ஃப்ரேம்களில் கொண்டுவந்தன. ஒன்றில் வங்கிப் பரிவர்த்தனை, இன்னொன்றில் சம்பளக் கணக்கு, மூன்றாவதில் சோதனை. ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரமாகவே நினைத்துக்கொள்ளும். 2004-இல் பவர்5 வந்தபோது ஒரு ப்ராசசரின் 10-இல் ஒரு பங்கை மட்டும் ஒரு பார்ட்டிஷனுக்குக் கொடுக்க முடிந்தது. எவ்வளவு திறன் யாருக்கு என்பது கம்பி இணைப்பில் இல்லை, உள்ளே எழுதப்பட்ட எண்களில் இருக்கிறது என்றான பிறகு, திறப்பதும் பூட்டுவதும்கூட எண்ணாகத்தானே இருக்க முடியும்? 2000-களின் தொடக்கத்தில் ஐபிஎம், ஹெச்பி, சன் என எல்லோரும் இதை விற்றார்கள். நிரந்தரமாகத் திறக்கலாம். ஆண்டிறுதிக் கணக்கு முடிப்புக்கு நாள் வாடகையிலும் திறக்கலாம்.

வாங்குபவருக்கும் இதில் லாபம் உண்டு. வருடத்தில் சில நாள் நெரிசலுக்காக முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. பவர் சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசர் கெட்டுப்போகும் நிலை வந்தால், தூங்கும் ஒன்று அதன் இடத்தைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்.

ஆனால் குறியீடு போட்டதோடு கதை முடிவதில்லை. தனக்கென ப்ராசசர் ஒதுக்கப்பட்ட பார்ட்டிஷனுக்குப் புது ப்ராசசர் தானாகப் போய்ச் சேராது, நிர்வாகிதான் கொடுக்க வேண்டும். பார்ட்டிஷனின் ப்ரொஃபைலில் குறைந்தபட்சம், விரும்புவது, அதிகபட்சம் என மூன்று எண்கள் உண்டு. ஓடும்போது அதிகபட்சத்துக்கு மேல் ஒன்றுகூடத் தர முடியாது. அந்த எண்ணை உயர்த்த வேண்டுமென்றால் பார்ட்டிஷனை நிறுத்தித்தான் எழுப்ப வேண்டும். நிறுத்தாமல் திறன் கூட்டத்தானே இவ்வளவும்! பல வருடம் முன்பு யாரோ ஒருவர் 'இது போதும்' என்று நினைத்து 4 என்று எழுதியிருந்தால், இன்று கட்டிய பணம் அந்த 4-இல் முட்டி நிற்கும். ஆக, பூட்டு இரண்டு. ஒன்றைத் தயாரிப்பாளர் போடுகிறார், இன்னொன்றை நாமே போட்டுக்கொள்கிறோம். இரண்டாவதை நாமே திறந்துகொள்ளலாம் என்பதுதான் வித்தியாசம்.

சர்வர் அறைக்குள் இருந்த அந்த முதல் பூட்டு பிறகு தெருவுக்கும் வந்தது. டெஸ்லா தன் கார்கள் சிலவற்றில் 75 கிலோவாட் மணி பேட்டரியை வைத்து, மென்பொருளால் 60 ஆகக் குறைத்து விற்றது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது, தப்பிச் செல்பவர்களுக்காக அந்தப் பூட்டைத் தொலைவிலிருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் திறக்கும் கை திரும்பப் பூட்டவும் முடியும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

சர்வர் வாங்கிய நிறுவனங்களுக்கு நிதிப் பிரிவும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். எது விற்பனை, எது வாடகை என்று வரி வரியாகப் படித்துப் பேரம் பேசிக் கையெழுத்திட்டார்கள். அதே மாதிரி ஒப்பந்தம் நம் கைப்பேசித் திரையில் வரும்போது, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைத் தேடித்தான் நம் விரல் போகிறது.